சாக்பீஸ் வட்டம்

மூன்றாவது சொட்டு விழுந்ததும் உலகத்தின் ஓரங்கள் கரையத் தொடங்கின.

"கண்ண மூடிக்குங்க பெரியவரே. கண்ணுப்பாப்பா நல்லா விரியணும், அரை மணி நேரம் ஆவும். தொடச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் ஆரோக்கியமேரி அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

ஷபீ அஹமது கண்ணை மூடிக்கொண்டார். முதுகை மட்டும் நாற்காலியில் சாய்க்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் அவர் எதிலும் சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனார் உயிர் போகும் வரை கட்டிலில்கூட நிமிர்ந்தே இருந்தவர். சில வீடுகளில் சொத்து வரும், சில வீடுகளில் சர்க்கரை வரும். அந்த வீட்டில் முதுகெலும்பு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது வேலூர்க் கண் ஆஸ்பத்திரியின் அந்த நீண்ட கூடம் பாலில் நனைத்து எடுத்ததுபோல் இருந்தது. காலைப் பத்து மணி வெயில் ஜன்னலில் கரைந்து தரையில் வழிந்தது. டியூப் லைட்டைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம். தண்ணீர்க் குழாயின் மேல் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி ஒரு வட்டம். எதிர் வரிசையில் ஒருவர் தலை வழுக்கை, அதைச் சுற்றியும் ஒன்று. யாரோ சாக்பீஸை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் சுழித்துக்கொண்டே போயிருந்தார்கள்.

அந்த வட்டத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

ஆம்பூரில் அவர்கள் வீட்டுக்கு 'சாக்பீஸ் சாயபு வீடு' என்று பெயர். பாட்டனார் காலத்தில் வந்த பெயர். பதப்படுத்திய தோலை மூட்டை கட்டுவதற்கு முன் நிழல் விழாத வடக்கு வெளிச்சத்தில் மேஜைமேல் விரிப்பார்கள். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, உரித்தவன் கத்தி தவறிய ஓட்டை என்று எங்கே குறை கண்டாலும் அதைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார்கள். மற்ற வியாபாரிகள் குறையுள்ள பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டிய காலம் அது. "குறையை மறைச்சு வித்தா பணம் வரும்டா, அல்லா தர்ற பரக்கத் போயிடும்" என்பார் பாட்டனார். அந்த வீட்டு மூட்டையை வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்க்காமலேயே லாரியில் ஏற்றினார்கள். இன்று மகன் நயீம் ஷூ கம்பெனி நடத்துகிறான், நானூறு பேர் வேலை செய்கிறார்கள். அங்கேயும் தோலைத் தரம் பிரிக்கும் செலக்ஷன் மேஜையில் சாக்பீஸ் டப்பா இருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் மூன்று வருஷமாக இரண்டு குறைகள் உள்பக்கம் சுருட்டிக் கிடந்தன. ஒன்று ஷபீ அஹமதுக்குத் தெரியும். இன்னொன்று அன்றைக்குப் பகலில்தான் தெரிய வந்தது.

தெரிந்ததை முதலில் சொல்லிவிடலாம்.

வலது கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து குறைந்து வந்தது. நடுவில் எல்லாம் தெளிவு, சுற்றிலும் மூட்டம். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. இரண்டு முறை கதவு நிலையில் தோள் இடித்த பிறகுதான் நயீம் இங்கே அழைத்து வந்தான். டாக்டர் நந்தினி மெஷினில் பார்த்துவிட்டு நயீமிடம் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். நயீமும் தலையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் பேசினான். ஷபீ அஹமது நடுவில் உட்கார்ந்திருந்தார். விற்பவனும் வாங்குபவனும் பேசும்போது மேஜைமேல் ஒரு தோல் கிடக்குமே, அதைப்போல. தோலை யார் கேட்டார்கள்?

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. கண்ணுல பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியாம். சொட்டு மருந்து போட்டா சரியாயிடும்."

சரியாகும் என்று நான்கு மாதம் காலையும் மாலையும் போட்டார். கண் எரிந்தது, ஆனால் சரியாகவில்லை. வந்த மூட்டம் போகவில்லை. வேலை செய்யாத மருந்து என்று முடிவு கட்டினார். அதற்குள் ரம்ஜான் வந்தது. நோன்பு வைத்த கண்ணில் பகலில் மருந்து விடுவதா? அதை யாரிடமும் கேட்கவில்லை, தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். பெருநாள் கழிந்தது, பாட்டிலை மறுபடி தொடவில்லை.

தொடவில்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று. ஆனால் மகன் மாதா மாதம் வாங்கி வந்து வைக்கும் மருந்தைப் போடவில்லை என்று சொல்ல அந்த முதுகு வளையவில்லை. பாட்டில் கணக்காகக் குறைய வேண்டுமே என்று தினமும் காலையில் பின்கட்டுக்குப் போய் மருதாணிச் செடியின் அடியில் இரண்டு சொட்டு விட்டார், மாலையில் இரண்டு சொட்டு. செடி கொழுகொழு என்று வளர்ந்தது. "இந்த வருஷம் என்னமா தழைஞ்சிருக்கு பாருங்க, புஷ்ரா கல்யாணத்துக்கு வெளிய வாங்கவே வேணாம்" என்று மனைவி தில்ஷாத் பூரித்துப் போனாள். ஊரில் மருதாணிச் செடிக்குப் பார்வைக் கோளாறு வராமல் பார்த்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் டாக்டர் கேட்பார், மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா என்று. நயீம்தான் பதில் சொல்வான். "பர்ஃபெக்டா போடறார் டாக்டர்."

போன மாதம் வந்தபோது பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. ஆபரேஷன் என்று எழுதினார்கள். இன்று கடைசியாகப் பார்த்துவிட்டு நாள் குறிப்பார்கள். ஷபீ அஹமதுக்கு உள்ளூர சந்தோஷம். அடுத்த மாதம் பேத்தி புஷ்ராவுக்கு நிக்காஹ். பெண்ணின் சார்பில் சம்மதம் சொல்லும் வக்கீலாக நின்று, ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேடான தஃப்தரில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பேரணாம்பட்டு சம்பந்தி முஜாஹித் சாஹிபும் நூறு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேனாவை வைத்துக்கொண்டு கோடு எங்கே என்று அவர் தடவக் கூடாது. ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும், கோட்டின்மேல் நேராகப் போட்டுவிடலாம். அந்த ஒரு கோட்டுக்காகத்தான் அவர் இத்தனை காலையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கண்ணை மறுபடி மூடினார். மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் இளஞ்சிவப்பாக ஆடியது. கூடம் மெல்ல மெல்ல பழைய செலக்ஷன் ஹாலாக மாறியது. நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்திருந்தவர்கள் மேஜை மேஜையாக விரித்த தோல்கள் ஆனார்கள். தகப்பனார் வெள்ளைத் தொப்பியும் கையில் சாக்பீஸுமாக வரிசைக்கு நடுவில் வந்தார். சத்தமே இல்லை. ஒவ்வொருவரிடமும் நின்று, குனியாமல், ஒரு வட்டம் போட்டார். ஷபீ அஹமது முறை வந்தது. தகப்பனார் நின்றார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். சாக்பீஸ் காற்றிலேயே நின்றது. "எங்கடா வச்சிருக்க?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"பாய். தூங்கறீங்களா பாய்?"

கண்ணைத் திறந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள். முகம் சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் புடவை தெரிந்தது, வேர்க்கடலைச் செடியின் பச்சை வாசனை வந்தது.

"உங்களுக்கும் வளையம் வளையமா தெரியுதா? அந்த நர்சு பொண்ணு தலையச் சுத்தி மாதா படத்துல இருக்கிற மாதிரியே தெரியுது எனக்கு."

அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஆரோக்கியமேரி நிற்காமலேயே சொன்னாள். "நல்லா பாத்துக்கோம்மா. எங்க வீட்ல சொன்னா யாரும் நம்பறதில்ல."

அந்த அம்மாள் கடகடவென்று சிரித்தாள். பெயர் மீனாம்பாள், திமிரிப் பக்கம் கிராமம், ஒரு ஏக்கர் கடலை, இரண்டு மாடு, எல்லாவற்றையும் கேட்காமலேயே சொன்னாள். புடவை முந்தானையை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதில் மூன்று முடிச்சு.

"இது இன்னாம்மா?"

"கேள்வி பாய். டாக்டர் எதிர்ல போய் உக்காந்தா கேக்க வந்ததெல்லாம் மறந்துபூடுது. அவங்களும் மூச்சு விடாம பேசி அனுப்பிடறாங்க. பஸ்ஸுல ஏறின பொறவுதான் அய்யய்யோ இதக் கேக்கலியேன்னு தோணுது. அதான் ஒண்ணொண்ணுக்கும் ஒரு முடிச்சு. கேட்டாத்தான் அவுக்கறது. மாட்டுக்குப் புல்லு அறுக்கக் குனியலாமா, அது ஒண்ணு. மருந்து எத்தினி நாளைக்கு, அது ரெண்டு."

"மூணாவது?"

அதற்குள் அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வர வெகு நேரம் ஆனது. வந்து உட்கார்ந்தபோது முந்தானை கசங்கி, முடிச்சில்லாமல் இருந்தது.

"எல்லாம் அவுந்திடுச்சா?" என்று கேட்டார்.

"அவுந்திடுச்சு பாய். மூணாவது முடிச்சு, போன பார்வை திரும்பி வருமான்னு." மூக்கை உறிஞ்சினாள். "வராதாம்."

"அல்லா பாத்துப்பான்" என்றார்.

"பாக்கட்டும். உள்ளயே அழுதுட்டேன். பொறவு நெனச்சேன், ரெண்டு வருசமா வரும் வரும்னு வாசலையே பாத்துக்கினு இருந்தேனே, இனிமே கதவ சாத்திட்டு வேலையப் பாக்கலாம். இருக்கறதக் காப்பாத்திக்கோன்னு சொல்லிச்சு அந்தம்மா. நல்ல பொண்ணு. கேட்டா சொல்லுது."

"உங்களுக்கு இன்னா வியாதிம்மா?"

"கண்ணுல பிரஷராம்."

கூடத்தில் இருந்த வட்டங்கள் எல்லாம் ஒரு கணம் அசைவதை நிறுத்தியதுபோல் இருந்தது. ஷபீ அஹமது நயீமைத் தேடினார். நயீம் வெளியே வேப்ப மரத்தடியில் போனில் இருந்தான், ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரோடு சாம்பிள் விஷயமாக. வெயிலில் அவன் உருவம் ஒரு நீளமான நிழலாகக் கரைந்து நின்றது.

"நாப்பத்தி ஒண்ணு. ஷபீ அஹமது."

மகனுக்காக அவர் காத்திருக்கவில்லை. எழுந்தார், சுவரைத் தொடாமல் நடந்தார்.

டாக்டர் நந்தினி கண்ணைப் பார்த்து முடித்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். "பையன் வரலையா ஐயா? வந்துடட்டுமே, பேசிடலாம்."

"கண்ணு என்னுதும்மா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆபரேஷன் பண்ணா போன பார்வை வருமா?" என்று ஷபீ அஹமது கேட்டார். கேட்டதும் கை தானாகச் சட்டை ஓரத்தைத் தடவியது, அங்கே முடிச்சு ஏதோ இருப்பதுபோல.

"வராது ஐயா."

"மருந்து போட்டா?"

"அதுலயும் வராது. போனது போனதுதான். மருந்து, ஆபரேஷன் எல்லாமே மிச்சம் இருக்கறதக் காப்பாத்தத்தான். வாட்ச்மேன் மாதிரின்னு வச்சுக்குங்களேன். திருடு போன சாமானை அவன் கொண்டுவர மாட்டான். இனிமே போகாமப் பாத்துக்குவான்."

அவர் மனதில் இருந்த அடுத்த மாதத்துத் தஃப்தர், அதில் ஓடிய கருப்புக் கோடு, மெல்ல நனைந்து கலைந்து போனது.

"இத மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் ஐயா. உங்க பையன்கிட்ட." டாக்டர் நிறுத்தினார். "உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அப்பா பயந்துடுவார், சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். நானும் சரின்னுட்டேன். தப்புதான்."

"பயமா? எனக்கா?" என்றார் ஷபீ அஹமது. கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டர் முகத்தைச் சுற்றி வெள்ளை வட்டம் நின்றது. தப்புதான் என்று தானே தன்னைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பேத்தி வயசை விடக் கொஞ்சம் கூடுதலான ஒரு பெண். அவளிடம் கோபப்பட முடியவில்லை.

"சரி, நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் டாக்டர். "மருந்து தினமும் போடறீங்கதானே? போட்டும் பிரஷர் இறங்கலங்கறதாலதான் ஆபரேஷன் எழுதியிருக்கேன்."

பர்ஃபெக்டா போடறார் டாக்டர். அந்தப் பதில் அறைக்குள் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டி எடுத்தால் போதும். ஜன்னல் வெளிச்சம் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தது. மேஜை, அதன்மேல் அவருடைய இரண்டு கைகள், விரித்து வைத்ததுபோல். எங்கடா வச்சிருக்க?

"போடல" என்றார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல. நோன்புல விட்டேன். பொறவு பிரயோஜனம் இல்லன்னு விட்டுட்டேன். எல்லாம் எங்க வீட்டு மருதாணிச் செடிக்குப் போச்சு."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வாயைப் பொத்திக்கொண்டார், ஆனாலும் சிரிப்பு விரலுக்குள் நிற்கவில்லை. ஷபீ அஹமது சிரிக்கவில்லை. எழுபத்து மூன்று வருஷத்தில் அவர் வைத்த முதல் பொய்க்கணக்கை ஒருவர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார், சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? டாக்டரும் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

"நோன்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேரத்தை மாத்தி எழுதியிருப்பேனே ஐயா. சஹர் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, இஃப்தாருக்கு அப்புறம் ஒண்ணு. அவ்வளவுதான்."

"நீங்க கேக்கல. நான் சொல்லல."

"ஆமா" என்றார் டாக்டர். சீட்டில் இருந்த ஆபரேஷன் வரியைக் குறுக்கே அடித்தார். "மருந்தே போடாதப்போ மருந்து வேலை செய்யலன்னு எப்படிச் சொல்றது? ஆறு வாரம் ஒழுங்கா போடுங்க. செடிக்கு இல்ல, கண்ணுக்கு. மறுபடி பாக்கலாம். இறங்கலன்னா ஆபரேஷன், அப்பவும் இருக்கறதக் காப்பாத்தத்தான். இடது கண்ணு இன்னும் நல்லா இருக்கு. அது உங்க கையில."

ஷபீ அஹமது எழுந்துகொண்டார். கதவருகே போனபோது டாக்டர் கூப்பிட்டார்.

"பையன் அவர் கண்ணை எங்கயாவது டெஸ்ட் பண்ணிக்கிட்டாரா? இது குடும்பத்துல ஒருத்தருக்கு வந்தா ரத்த சொந்தங்களுக்கும் வரலாம். நாப்பது தாண்டினவங்க கண்டிப்பா பாத்துக்கணும், மத்தவங்களும் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. முதல் நாளே சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

இரண்டாவது குறை அப்படித்தான் வெளியே வந்தது.

வெளியே நயீம் போனை மூடிக்கொண்டு கூடத்துக்குள் ஓடி வந்தான். "என்னப்பா, தனியா போய்ட்டீங்க? கூப்பிடக் கூடாதா?"

"உனக்கும் வரலாமாமே."

நயீம் நின்றுவிட்டான்.

"புஷ்ராவுக்கு நாலு வருஷமா எடம் பாத்தோம்ப்பா" என்றான் தாழ்ந்த குரலில். "வீட்ல கண்ணு வியாதி, பரம்பரையா வருதுன்னு ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னா பேரணாம்பட்டுல அன்னிக்கே நிறுத்திடுவாங்க. நிக்காஹ் முடியட்டும், பொறவு நானே டெஸ்ட் பண்ணிக்கறேன்னு இருந்தேன். நம்ம வீட்டுப் பேரு..."

"நம்ம வீட்டுப் பேரு இன்னாடா?"

நயீம் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"குறை காட்டாம ஒரு தோலு அனுப்பியிருக்கோமா?"

"புஷ்ரா தோலாப்பா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. உண்மைதான், பேத்தி தோல் இல்லை. அவளை மேஜைமேல் விரித்து யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஷபீ அஹமது மெல்லத் தலையை ஆட்டினார். "புஷ்ரா தோலு இல்ல. வட்டம் அவ மேல இல்ல, என் மேல. என் கண்ணு, என் வியாதி, நான் மறைச்சது. அத நான் சொல்றேன். நீ முதல்ல போய் சீட்டு போட்டுக்கிட்டு வந்து இந்த நாற்காலில உக்காரு."

"இன்னிக்கேவா? நான்தானேப்பா காரு ஓட்டணும்?"

"காரு நிக்கட்டும். ஆம்பூருக்கு பஸ்ஸே இல்லியா?"

நயீமுக்கு நாற்பத்தெட்டு வயது. நானூறு பேர் அவன் குரலுக்கு நிற்பார்கள். போய்ச் சீட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஆரோக்கியமேரி தலையை அண்ணாத்திப் பிடித்து சொட்டு விட்டாள். "கண்ணுப்பாப்பா விரியணும். தொடச்சிடாதீங்க."

பகல் முழுக்க அவர்கள் அங்கே இருந்தார்கள். நயீமுக்கு இப்போது ஒன்றும் இல்லை, ஆனால் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். இரண்டு பேரும் வேப்ப மரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். மீனாம்பாளும் ஆற்காட்டு பஸ்ஸின் போர்டு படிக்கிற அளவுக்குக் கண் தெளியட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக் காசாக, ஒவ்வொரு காசைச் சுற்றியும் ஒரு வட்டமாக, மூவர்மேலும் அசைந்தது.

"அப்பா, எல்லாத்தையும் சுத்தி வட்டம் தெரியுது" என்றான் நயீம், சின்ன வயசுக் குரலில்.

"தெரியும். முஜாஹித் சாஹிபுக்கு போன் போடு."

நயீம் போனை எடுத்தான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், தூரத்தில் பிடித்தான். திரை ஒரு வெளிச்சக் குட்டையாக மினுங்கியது. "ஒரு எழுத்தும் தெரியலப்பா."

"என்கிட்ட குடுங்க" என்று மீனாம்பாள் வாங்கிப் பார்த்தாள். "எனக்கும் தெரியல."

கடைசியில் டீ குடிக்க வந்த ஆரோக்கியமேரிதான் போனை வாங்கினாள். "பேரு சொல்லுங்க, நான் போட்டுத் தர்றேன். மூணு பேருக்கு ஒரு கண்ணு இல்ல, பேச்சு மட்டும் இருக்கு."

மணி அடித்தது. ஷபீ அஹமது பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் முஜாஹித் சாஹிப். ஷபீ பேசறேன். கல்யாண விஷயமா ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாமக் கேளுங்க."

சொன்னார். கண்ணில் என்ன வியாதி, எப்போது வந்தது, போனது வராது, வீட்டில் மற்றவர்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம், பார்த்துக்கொண்டால் காப்பாற்றலாம். கூட்டவில்லை, குறைக்கவில்லை. மருதாணிச் செடியையும் சொன்னார். நயீம் கையால் முகத்தை மூடிக்கொண்டான். தஃப்தரில் கையெழுத்துப் போடும்போது யாராவது கோட்டின்மேல் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் அமைதி.

அந்த அமைதி அவருக்குப் பழக்கமானது. ஐம்பது வருஷம் மேஜைக்கு எதிரில் நின்று கேட்டது. வட்டம் போட்ட தோலைப் பார்க்கிறவன் உடனே பேசமாட்டான். கையில் எடுப்பான், திருப்புவான், வெளிச்சத்தில் பிடிப்பான். அந்த நேரத்தில் விற்பவன் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. பேசினால் குறையைவிட அந்தப் பேச்சுதான் பெரிதாகத் தெரியும்.

"கேட்டுக்கிட்டேன் சாஹிப்" என்றது குரல் கடைசியில். "வீட்ல பேசிட்டு சொல்றேன்."

"நல்லா பேசிட்டு சொல்லுங்க."

போன் நின்றது. ஷபீ அஹமது டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்த சொட்டு மருந்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மூடியைத் திருகினார். பாட்டிலைக் கண்ணுக்கு மேலே பிடித்தார். நயீம் எழுந்து வந்து தகப்பனாரின் இமையைப் பிடித்துக்கொண்டான், தன் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாமல், குத்துமதிப்பாக. முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே விழுந்தது, குளிர்ந்து, பிறகு எரிந்தது.

அவர் தலையை அண்ணாந்தபடி, முதல் முறையாகப் பெஞ்சில் சாய்ந்தார்.